வாய் திறக்காத வீடு

பேருந்து நிலையத்தில் அவளை எல்லோரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டி எந்த மேடையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று பதினோரு வருடங்களாக அறிவிப்பு அறையில் உட்கார்ந்து சொல்லிவந்தவள். அவள் முகம் தெரியாதவர்களுக்குக்கூடக் குரல் தெரியும். காய்கறிக் கடையில் "கிலோ எவ்வளவு?" என்று கேட்டால் பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். ஒருமுறை ஒரு பெரியவர், வண்டி வந்துவிட்டது என்று நினைத்துப் பையைத் தூக்கிக்கொண்டு நாலடி நடந்தே விட்டார்.

வலி ஒரு நாள் காலை, பல் துலக்கும்போது வந்தது. மேல் வரிசையில் இடப்பக்கம் பிரஷ் பட்டதும், காதுக்கு முன்னாலிருந்து உதட்டோரம் வரை கரண்ட் அடித்தது போல ஒரு வெட்டு. பிரஷ் கையிலிருந்து நழுவித் தொட்டியில் விழுந்தது. எண்ணினால் ஐந்து விநாடி இருக்கும். அதன்பின் ஒன்றுமில்லை. கண்ணாடியில் பார்த்தாள். வீக்கமில்லை, சிவப்பில்லை. தினமும் பார்க்கிற அதே முகம்.

பல் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கடைவாய்ப் பல்லில் சந்தேகமாக இருக்கிறது என்று சொல்லி அதைப் பிடுங்கினார். இரண்டு வாரம் கழித்து அதற்கு அடுத்ததையும் பிடுங்கினார். வலி இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்றாவது பல்லைக் காட்டியபோது, கூட வந்திருந்த அவள் கணவன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். இப்படியே போனால் அவள் எதை வைத்துச் சாப்பிடுவது என்று கேட்டு, பதிலுக்கும் காத்திருக்காமல் அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தான். அவன் தண்ணீர் பம்ப் பழுதுபார்க்கிறவன். எது கெட்டிருக்கிறது என்று தெரியாமல் பாகங்களைக் கழற்றுகிறவனை அவனுக்குப் பிடிக்காது.

ஏழு மாதம் அலைந்தபின்தான் ஒரு நரம்பு டாக்டர் விஷயத்தைச் சொன்னார். பற்களில் ஒரு கோளாறும் இல்லை. முகத்துக்கு வருகிற நரம்பின் மேல், தலைக்குள்ளே, ஒரு ரத்தக்குழாய் உரசிக்கொண்டிருக்கிறது. யார் செய்த தப்பும் இல்லை. மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் காதுக்குப் பின்னால் எலும்பைத் திறந்து ஆபரேஷன் செய்யலாம், அல்லது நரம்பையே பொசுக்கிவிடலாம். பொசுக்கினால் பாதி முகம் மரத்துப்போகலாம், உதடும் சேர்ந்து.

"ஒதடு மரத்துப் போச்சுன்னா நான் எப்படி டாக்டர் மைக்ல பேசறது?" என்று அவள் கேட்டாள்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இப்பவும் பேச முடியலையேம்மா" என்றார்.

அவள் மாத்திரை போதும் என்று எழுந்து வந்தாள்.

அந்த வலியோடு வாழ்வதற்கு ஒரு நாளை எப்படிப் பிரித்துக் கட்டவேண்டும் என்பதை அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டாள். முகம் கழுவுவதில்லை, ஈரத்துணியால் வலது பாதியை மட்டும் துடைத்தாள். இடது புருவத்தின் மேல் வந்து விழுகிற முடியைச் சீப்பால் வாருவதில்லை, விரலால் தள்ளிக்கொண்டாள். மின்விசிறிக்கு எதிரில் உட்காரவில்லை. கணவனின் பைக்கில் பின்னால் போகும்போது முகத்தைச் சுற்றித் துப்பட்டா. துப்பட்டா உரசினாலும் வலிக்கும், காற்று பட்டாலும் வலிக்கும், இரண்டில் எது குறைவோ அது. பாலில் ஊறிய ரொட்டியை வலப்பக்கமாக ஒதுக்கி, மெல்லாமல் விழுங்கினாள். ஒரு வருடத்தில் வளையல்கள் முழங்கை வரை ஏறின. சிரிப்பு வந்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள். சிரிப்பதைவிடச் சிரிப்பை அடக்குவது அதிகம் வலித்தது.

மாத்திரை வலியைப் பாதியாக்கியது, அவளையும் பாதியாக்கியது. படிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. நன்றாகத் தெரிந்த சொற்கள்கூடக் கூப்பிட்டால் உடனே வருவதில்லை. ஒரு மதியம், இரண்டாம் மேடைக்கு வரவேண்டிய வண்டியை ஏழாம் மேடை என்று அறிவித்துவிட்டாள். நாற்பது பேர் மூட்டை முடிச்சுகளோடு நிலையத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடினார்கள். வண்டி பழைய இடத்துக்கே வந்ததும் திரும்பி ஓடினார்கள். கூட்டத்தில் ஒரு வயதான அம்மாள் படியில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அறிவிப்பு அறையின் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தவள் மைக்கை அணைத்துவிட்டு, நிலைய அதிகாரியின் அறைக்குத் தானே நடந்து போனாள். அவர் திட்டவில்லை. தவறவிட்ட பொருட்கள் வைக்கும் அறையில் ஓர் ஆள் தேவைப்படுகிறது என்று மட்டும் சொன்னார்.

அந்த அறையில் குடைகள், டிபன் பாக்ஸ்கள், ஒற்றைச் செருப்புகள், ஒரு தையல் மிஷின். ஒரு தட்டில் யாரோ பஸ்ஸில் விட்டுப்போன பல்செட். கேட்டு ஒருவரும் வரவில்லை. நல்ல பல் இரண்டை எறிந்துவிட்டு அடுத்தவன் பல்லுக்குக் காவல் இருக்கிறேன் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, கன்னத்தைத் தொடாமல் கையை அருகில் வைத்துக்கொண்டு, அது போகும்வரை நின்றாள். அங்கே பேச்சுக்கு வேலையில்லை. வருகிறவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு பொருளை எடுத்துக் கொடுத்தால் போதும். மைக் அக்கா என்ற பெயர் மட்டும் போகவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இந்த ஊமை அம்மாவுக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டார்கள்.

வீட்டிலும் அவள் பேச்சைக் குறைத்தாள். கணவன் முதல் வருடம் அதற்காக உருகினான். இரண்டாம் வருடம் பழகிக்கொண்டான். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, டிவியில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்ப்பான். அடுத்த தெருவில் இருந்த நாத்தனார் வரும்போதெல்லாம் பல்லில் கிராம்பு வைக்கச் சொன்னாள். வலி பல்லில் இல்லை என்று அண்ணன் எத்தனை முறை சொன்னாலும் அடுத்த முறை கிராம்போடுதான் வந்தாள். ஒரு நாள் அதையும் நிறுத்திவிட்டு, "அண்ணிக்கு எம்மேல என்ன கோவம்னு கேட்டுச் சொல்லுண்ணா" என்று அவனிடம் அழுதாள். கோபம் இல்லை, வலி என்றான் அவன். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்றாள் நாத்தனார். அதுதான் இதில் இருந்த சிக்கல். கை உடைந்தால் கட்டு இருக்கும், காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம். இவளிடம் காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை.

அவர்களுக்கு ஒரே பெண். ஓயாமல் பேசிக்கொண்டிருந்ததால் சின்ன வயதிலேயே சிட்டு என்று பெயர் விழுந்துவிட்டது. அம்மாவுக்கு வலி ஆரம்பித்தபோது அவளுக்கு ஆறு வயது. ஒரு நாள் பள்ளியிலிருந்து ஓடி வந்து இடது கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அம்மா அலறித் தள்ளிவிட்டதில் கதவில் மோதிக்கொண்டாள். அந்த ஒருமுறைதான் அம்மா அலறி அவள் கேட்டது. அன்றைக்கு மகளின் நெற்றிக்கு ஐஸ் வைத்துக்கொண்டே, இனி இவள் எதிரில் சத்தம் வரக்கூடாது என்று தாய் முடிவுசெய்தாள். அதன்பின் வெட்டு வந்தால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்வாள், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். "வலிக்குதாம்மா?" என்று சிட்டு கேட்டால் உள்ளங்கையை இப்படியும் அப்படியும் அசைப்பாள். ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

சிட்டு அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவை மெதுவாகச் சாத்தக் கற்றுக்கொண்டாள். கேள்விகளை அப்பாவுக்காக எடுத்துவைத்தாள், பிறகு அதையும் விட்டுவிட்டாள். அம்மாவும் மகளும் கையாலும் கண்ணாலும் முழு மாலையையும் ஓட்டிவிடுவார்கள். மூன்றாம் வருடம் பள்ளியிலிருந்து வந்த அறிக்கையில் ஆசிரியை, மிகவும் அமைதியான பிள்ளை, எந்தத் தொந்தரவும் இல்லை என்று எழுதியிருந்தாள். படித்துவிட்டுக் கணவனும் அவளும் சந்தோஷப்பட்டார்கள். அந்தச் சந்தோஷத்தைப் பின்னாளில் நினைக்கும்போதெல்லாம் தாய்க்கு உடம்பு கூசியது.

அது மழை வாரம். ஈரக்காற்று அவளுக்கு ஆகாது. ஒரு மணி நேரத்தில் முப்பது, நாற்பது முறை வெட்டியது. மூன்று நாள் லீவு போட்டுவிட்டு, ஜன்னல்களைச் சாத்தி, அறையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மழையால் பள்ளிக்கும் விடுமுறை. சிட்டு பக்கத்து அறையில் படுத்திருந்தாள். முதல் நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மழைக்குப் பசிக்கவில்லை போலும் என்று தாய் நினைத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் குளியலறையில் ரொம்ப நேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வாந்தி எடுத்ததைக் கழுவிவிட்டிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் காலை கணவன் வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்தான். பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பி, முழங்காலை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு படுத்திருந்தது. தூங்கட்டும் என்று போய்விட்டான்.

அன்று வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்கு அவள் நன்றியோடு இருந்தாள். நல்ல பிள்ளை, அம்மா கஷ்டம் தெரிந்த பிள்ளை என்று நினைத்தாள்.

மதியம் தண்ணீர் எடுக்க எழுந்தபோது நடையில் சிட்டு நின்றிருந்தாள். இடுப்பு மடங்கி, ஒரு கை சுவரில், ஒரு கை வயிற்றின் வலப்பக்கம். முகம் சாம்பல் நிறம். உதடு கடித்துக் கடித்துப் புண்ணாகியிருந்தது. தாய் புருவத்தைத் தூக்கி என்ன என்று கேட்டாள். சிட்டு சுவரிலிருந்து கையை எடுத்து, உள்ளங்கையை இப்படியும் அப்படியும் அசைத்தாள். அசைத்த கையைச் சுவரில் திரும்ப வைப்பதற்குள் அப்படியே சரிந்தாள்.

தொட்டால் உடம்பு கொதித்தது. வயிறு பலகையாக இருந்தது. அவள் கணவனுக்குப் போன் செய்தாள். எங்கோ கிணற்றுக்குள் இறங்கியிருந்தான், எடுக்கவில்லை. நாத்தனாரும் எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தினாள்.

"சொல்லுங்க, எங்கிருந்து பேசறீங்க?"

வாயைத் திறந்ததும் வெட்டியது. போனைக் காதிலிருந்து எடுக்காமல் பல்லைக் கடித்தாள், கடித்ததில் இன்னொன்று.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

"எம் பொண்ணு," என்றாள். "ஒம்பது வயசு. மயங்கிட்டா. வயிறு."

"அழாம சொல்லுங்கம்மா, ஒண்ணும் புரியல."

அவள் அழவில்லை. வருடக்கணக்கில் சரியாகப் பேசாத வாய், சொல்லுக்குச் சொல் கோணிக்கொண்டு போனது. அவள் மூச்சை இழுத்து நிறுத்தினாள். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து செய்வதைப் போலவே, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக, ஒரே அளவில், சத்தமாகச் சொன்னாள். தெரு. கட்டடம். மாடி. கதவு எண். ஒவ்வொன்றுக்கும் காதிலிருந்து உதடு வரை கிழிந்தது. மறுமுனையில் இருந்தவர் கேட்கவில்லை என்றார். மறுபடி சொன்னாள். பதிந்துகொண்டு திருப்பிப் படித்தவர் கதவு எண்ணைத் தப்பாகப் படித்தார். மூன்றாவது முறை சொன்னாள். சொல்லி முடிக்கும்போது தாடை வழியே எச்சில் ஒழுகி ரவிக்கை நனைந்திருந்தது. அதைத் துடைக்கவும் முகத்தில் கை வைக்க முடியவில்லை.

ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். எப்போதிலிருந்து வலி, எத்தனை முறை வாந்தி, கடைசியாக என்ன சாப்பிட்டாள். தாய்க்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாது, தெரியாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒருமுறை வெட்டு வந்து அவள் பாதியில் நின்றபோது சிட்டு கண்ணைத் திறந்தாள்.

"பேசாதம்மா. ஒனக்கு வலிக்கும்."

குடல்வால் வெடித்து ஒரு நாளுக்கு மேலாகிவிட்டது என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர். வயிறு முழுக்கச் சீழ். கழுவி, குழாய் வைத்துத் தைத்திருக்கிறோம், இரண்டு நாள் போகவேண்டும் என்றார். பிறகு அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "மூணு நாளு கொழந்த இந்த வலியோட இருந்திருக்கு. வீட்ல யாருமே பாக்கலையா?"

கணவன் சாயங்காலம் வந்து சேர்ந்தான். கையெல்லாம் கிரீஸ். நடைபாதையின் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து டாக்டர் சொன்னதை அவள் எழுதிக் காட்ட, படித்தான். காகிதத்தை மடித்தான். திரும்பவும் பிரித்துப் படித்தான்.

"ஒன்னப் பாத்துதான் கத்துக்கிட்டா" என்றான்.

சத்தமாகச் சொல்லவில்லை. குற்றம் சாட்டுகிற குரல்கூட இல்லை. எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்துவிட்டவன் குரல். கொஞ்ச நேரம் கழித்து, காலையில் எட்டிப் பார்த்துவிட்டுத் தானும்தான் போய்விட்டோம் என்று முனகினான். ஆனால் முதலில் சொன்னது சொன்னதுதான். அவள் மறுப்பதற்கு அதில் தப்பு ஒன்றும் இல்லை.

சிட்டு பிழைத்தாள். தையல் சீழ் பிடித்து இரண்டாம் முறை திறக்கவேண்டியிருந்தது. நான்காம் நாள் கட்டு மாற்ற வந்த நர்ஸ், பூஜ்யத்திலிருந்து பத்துவரை சொல்லு பாப்பா, எவ்வளவு வலிக்குது என்று கேட்டாள். சிட்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு" என்றாள். படுக்கை விரிப்பைச் சுருட்டிப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"பொய் சொல்றா," என்றாள் தாய். "அவளுக்கு அதிகமா குடுங்க."

நர்ஸ் ஊசி போட்டுவிட்டுப் போனபின் அவள் நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். சொன்னால் அம்மா எழுந்து வரவேண்டும், பேசவேண்டும், அது அம்மாவுக்கு வலிக்கும் என்றாள் சிட்டு. அதுவும் போக, வலி என்றால் சொல்லாமல் இருப்பதுதான் வழக்கம் என்று நினைத்திருந்தாள். "நீ ஒரு தடவகூடச் சொன்னதில்லயே."

அவள் மகளுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது, ஒரு நாளைக்கு எத்தனை, எதனால் வருகிறது. சொல்லச் சொல்ல வெட்டு வந்தது. பழக்கத்தில் சுவர்ப்பக்கம் திரும்பப் போனவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பாமல் உட்கார்ந்தாள். கண் சுருங்கியது, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, தொண்டையிலிருந்து சத்தம் வந்தது. மூன்று வருடத்தில் முதல்முறையாகச் சிட்டு அதை நேருக்கு நேர் பார்த்தாள்.

"இப்ப வந்துச்சே, இது பத்து" என்றாள் தாய், மூச்சு வந்ததும். "ஒன்னோடது எவ்வளவு? நெசத்தச் சொல்லு."

"எட்டு," என்றாள் சிட்டு. பிறகு, "அழலாமா?"

"அழு."

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்குமளவுக்கு அவள் அழுதாள்.

மகள் நடமாட ஆறு வாரம் ஆனது. வயிற்றுக்குள் குடல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வப்போது இழுத்துப் பிடிக்கும், வருடக்கணக்கில்கூட இருக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். இழுத்துப் பிடித்தால் சிட்டு இப்போது சொல்கிறாள். அதோடு நிற்பதில்லை, கொசு கடித்தால் சொல்கிறாள், ஷூ கடித்தால் சொல்கிறாள், பென்சில் சீவும்போது விரலில் பட்டதை இரண்டு நாளுக்குச் சொல்கிறாள். வீட்டில் ஒரு ஆஸ்பத்திரியே நடக்கிறது என்று அப்பா அலுத்துக்கொண்டாலும் ஒவ்வொரு முறையும் எழுந்து வந்து பார்க்கிறான். ஒன்றும் சொல்லாமல் அவள் சும்மா படுத்திருக்கும் நாட்களில்தான் தாய்க்கு இருப்புக் கொள்வதில்லை. போய்ச் சட்டையைத் தூக்கி வயிற்றை அழுத்திப் பார்ப்பாள். கூசுதும்மா என்று சிட்டு நெளிவாள். அது கூச்சம்தானா என்று தாய் இன்னொரு முறை அழுத்துவாள்.

அடுத்த வருடம் அவள் காதுக்குப் பின்னால் ஆபரேஷன் செய்துகொண்டாள். கண் விழித்தபோது வலி இல்லை. இடது காதில் கேட்கும் திறன் பாதி போயிருந்தது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முகம் கழுவினாள். மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்தாள். நாத்தனாரிடம் போய் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தாள். பேருந்து நிலையத்தில் மைக் வேலையைத் திரும்பக் கேட்டபோது, இப்போது எல்லாம் பதிவு செய்த குரல், அந்த அறையையே எடுத்துவிட்டோம் என்றார்கள். தவறவிட்ட பொருட்களோடு இருந்துகொண்டாள்.

பதினாலு மாதம் நன்றாக இருந்தது.

பிறகு ஒரு நாள், குடையைத் தேடி வந்த ஒரு பெண்ணுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கையில், உதட்டோரம் மெல்லிதாக ஒன்று சுருக்கென்றது. அவள் பேச்சை நிறுத்திக் காத்திருந்தாள். இரண்டாவது வந்தபோது அது எது என்பதில் சந்தேகமே இருக்கவில்லை. அதிகாரியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். கணவன் முற்றத்தில் ஒரு மோட்டாரைப் பிரித்துப்போட்டிருந்தான்.

"வந்துடுச்சு" என்றாள்.

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். எத்தனை முறை என்று கேட்டான். நாலு என்றாள். பழைய மாதிரியா என்றான். இன்னும் அவ்வளவு இல்லை, ஆனால் அதேதான் என்றாள். நாளைக்கே டாக்டரிடம் போகலாம் என்றான். இரண்டாவது முறை திறப்பார்களா, இல்லை இனி பொசுக்குவதுதானா, இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவன் அவள் கன்னத்துக்குக் கையைக் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டான்.

நாலரை மணிக்குச் சிட்டு பள்ளியிலிருந்து வந்தாள். பையைக் கழற்றும் முன்பே அவளிடமும் சொன்னார்கள். அவள் பையோடு அப்படியே நின்றாள். எத்தனை என்று கேட்டாள்.

"ஏழு," என்றாள் தாய். சொல்லும்போதே எட்டாவது வந்தது. அவள் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். சத்தம் தெருவரை கேட்டிருக்கும். சிட்டு பையைக் கீழே போட்டுவிட்டு, அம்மாவின் வலப்பக்கமாக வந்து கையைப் பிடித்துக்கொண்டு, அது முடியும்வரை நின்றாள்.